கழுவிக் கொடுத்த சம்படம்

வாசலில் நிற்கிற வெள்ளைக் கார் உங்களுடையதுதானே? வாடகைக் காரா. டிரைவர் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாரே, எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்கிறதே. ஏசி போட்டிருப்பார். சரிதான். பாளையங்கோட்டையில் சித்திரை வெயிலுக்கு வேறென்ன செய்வார். சும்மா கேட்டேன். எஞ்சினை அணைக்காமல் ஒரு கார் வாசலில் நின்றால் எனக்கு இருப்புக்கொள்ளாது. பழைய பழக்கம். இந்த ஜன்னலைச் சாத்திவிடுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

உட்காருங்கள் அம்மா. அருள்செல்வி என்றுதானே போனில் சொன்னீர்கள். அதை மேஜைமேல் வைத்துவிடுங்கள். என் கையில் வேண்டாம். துணியை அவிழ்க்கவும் வேண்டாம். துணி விலகின இடத்தில் இரண்டு எழுத்துத் தெரிகிறதே, அது போதும். ரா. பூரணம், காதணி விழா, 12-6-63, வி.கே.புரம். பூரணம் என் தங்கை. எங்கள் தாய்மாமன் அம்பாசமுத்திரத்தில் வாங்கி, பாத்திரக்கடை வாசலிலேயே உட்கார்ந்து பேர் வெட்டிக் கொண்டுவந்த சம்படம். எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் எவர்சில்வர் அது. மூடி இறுக்கமாக இருக்கும். சுண்டினால் மணி மாதிரிக் கேட்கும்.

அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தேன் என்கிறீர்கள். நான் படிக்கப் போன அந்த ஊரில் யாருக்குமே வாசிக்கத் தெரியாத எழுத்து. நீங்கள் அங்கே கல்லூரியில் வேலைக்குப் போக வேண்டும், இதை வைத்திருந்த இர்மா உங்களிடம் கொண்டுவந்து காட்ட வேண்டும், நீங்கள் வி.கே.புரத்துக்குப் போய் மில் வாசலில் நின்று, அறுபத்து மூன்றில் காது குத்தின பூரணம் யார் என்று விசாரிக்க வேண்டும், வெற்றிலைக் கடைக்காரன் என் விலாசத்தைச் சொல்ல வேண்டும். பாருங்கள். நாற்பத்தாறு வருஷம். ஒரு சம்படம் ஆளைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது.

உள்ளே என்ன இருக்கிறது என்று இர்மா சொன்னாளா? சொல்லவில்லை. நீங்களும் திறக்கவில்லை. நல்லது. கனமாக இருந்ததா? வேண்டாம், சொல்லாதீர்கள்.

நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். வந்ததற்கு ஒரு வாய் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போகலாம். என் மனைவி கோமதி அடுப்படியில் இருக்கிறாள். அவளுக்கு இதெல்லாம் தெரியாது. படிக்கப் போன இடத்தில் பனி, ரொட்டி, உருளைக்கிழங்கு, அவ்வளவுதான் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம்.

அந்த நாட்டின் பேரையும் சொல்ல வேண்டாம். அந்தப் பேரில் இப்போது நாடே இல்லை என்கிறீர்களா. இருக்கட்டும். இல்லாத நாட்டிலும் ஃபைல் இருக்கிறதே. ஃபைல்களையெல்லாம் திறந்து போட்டுவிட்டார்களாமே, யார் வேண்டுமானாலும் போய் வாசிக்கலாமாமே. இர்மா போய் வாசித்தாளா? அவள் அப்பா பேரில் இருக்கிற ஃபைலை? நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். நான் சொல்வதைக் கேட்கத்தான் வந்தீர்களாக்கும். சரி. சொன்னால்தானே நான் ஒன்றும் செய்யவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

என் அப்பா மில் யூனியனில் இருந்தவர். கட்சி வழியாகத்தான் எனக்கு அந்தப் படிப்பு கிடைத்தது. நெசவு எஞ்சினியரிங், ஐந்து வருஷம். அம்பாசமுத்திரம் ஸ்டேஷனில் செங்கொடி பிடித்து, மாலை போட்டு வழியனுப்பினார்கள். அப்படிப் போனவன் பாதியில் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் பயந்தாங்கொள்ளி இல்லை. அந்த மாலை என் கழுத்தில் கிடந்தது. ஐந்து வருஷமும் கிடந்தது.

எங்களை நகரத்து ஓரத்தில் ஒரு மாடிக் கட்டிடத்தின் முதல் தளத்தில் போட்டிருந்தார்கள். என்னோடு அறையில் இருந்தவன் தவராசா, யாழ்ப்பாணத்துப் பையன், மருத்துவம் படித்தான். படிப்பில் புலி. வகுப்பில் அவன்தான் முதல். மூன்றாம் தளத்தில் தனியாக ஒருவர் இருந்தார். உயரமாக, சற்றுக் கூன் போட்டு நடப்பார். கட்டிடத்தில் யாரும் அவருக்கு வணக்கம் சொல்ல மாட்டார்கள். அவர் படியில் இறங்கினால் ஏறுகிறவர்கள் திரும்பி இறங்கிவிடுவார்கள். அவர் பேர் தெரியாமல் நாங்கள் மாடிக்காரர் என்று வைத்திருந்தோம்.

அவர் யார் என்று எனக்குத் தெரிந்தது இந்தச் சம்படத்தால்தான். ஊரிலிருந்து அம்மா பருப்புப்பொடி போட்டு, யாரோ ஒரு தோழரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். ரயில் நிலையத்துக்குப் போய் வாங்கிக்கொண்டு டிராமில் வந்தேன். வெளியே பனி பெய்வதைப் பார்த்துக்கொண்டே இறங்கிவிட்டேன். சம்படம் டிராமோடு போய்விட்டது. அழுகை வந்துவிட்டது, சிரிக்காதீர்கள். மறுநாள் டிராம் பணிமனைக்குப் போனால், தொலைந்த பொருள்களுக்கு என்று ஒரு அறை. குடை, தொப்பி, ஊன்றுகோல், ஒற்றைக் கையுறையாக ஒரு பெட்டி நிறைய. அந்தப் பெட்டிக்குப் பின்னால் மாடிக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"என்ன தொலைந்தது?"

"பாத்திரம்."

"உள்ளே என்ன இருந்தது? சரியாகச் சொன்னால்தான் தருவேன்."

"பழுப்பு நிறத்தில் ஒரு தூள். சோற்றில் போட்டுச் சாப்பிடுவது."

அவர் மேஜைக்கு அடியிலிருந்து இதை எடுத்து வைத்தார். "இதை இங்கே மூன்று பேர் மோந்து பார்த்தோம். ஒருவன் வெடிமருந்து என்றான். எனக்குப் போவதற்கு ஒன்றும் இல்லை, நான் தின்று பார்த்தேன். அவன் சொன்னது சரி."

அறைக்கு வந்து தவராசாவிடம் சொன்னேன். அவன் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டான். "ஐசே, அது ஆரெண்டு தெரியாதா உமக்கு? வொர்லிச். எமில் வொர்லிச். மூண்டு வருசத்துக்கு முன்னம் இந்த நாட்டையே ஆண்ட மனுசன். உம்மட பருப்புத்தூள் சட்டியைத் தேடித் தந்திருக்கிறார். ஊருக்குப் போய்க் கோயில் கட்டும்."

அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியும், படித்திருப்பீர்கள். நாங்கள் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டோம். தச்சர் மகன். படிப்படியாக ஏறிக் கட்சியின் முதல் செயலாளர் ஆனார். ஆன முதல் மாதத்திலேயே, பத்திரிகைகளை அச்சுக்குப் போகுமுன் வாசித்துப் பார்க்கிற அதிகாரியின் அறையைப் பூட்டச் சொல்லிவிட்டார். கட்சிக்காரர்களுக்கு மட்டும் என்று இருந்த கடைகளை எல்லாருக்கும் திறந்துவிட்டார். தானும் காரை விட்டுவிட்டு டிராமில் போனார். சனங்கள் விடியுமுன் பத்திரிகைக்கு வரிசையில் நிற்பார்களாம், ஒருவர் வாசிக்க டிராமே கேட்குமாம். ஒன்பது மாதம். அப்புறம் பக்கத்து நாட்டு டாங்கிகள் வந்தன. அவரை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய் ஐந்து நாள் வைத்திருந்து திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். வந்தபோது அவருடைய இடது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. பதவி போயிற்று, கட்சி போயிற்று. டிராம் மேல்தானே உனக்கு ஆசை, போய்ப் பணிமனையில் உட்கார் என்று அனுப்பினார்கள்.

அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். "நாட்டையே தொலைத்தவனைத் தொலைந்த பொருள்களுக்குக் காவல் வைத்திருக்கிறார்கள். கட்சிக்கு நகைச்சுவை உணர்ச்சி இல்லை என்று யார் சொன்னது?"

நான் ஏன் அவரிடம் பழகினேன் என்று கேட்கிறீர்களா. பழகவில்லை அம்மா. நன்றி சொல்ல வேண்டும் இல்லையா. அம்மா அனுப்பின புளிக்காய்ச்சலில் சோறு கிளறி, இதே சம்படத்தில் போட்டு, மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து அவரே படியிறங்கி வந்தார். சம்படம் நிறைய வேகவைத்த கொடிமுந்திரி, அங்கே கறுப்பாக உலர்த்தி வைக்கிற ஒரு பழம். அவரே வேகவைத்தது, அடியில் கொஞ்சம் தீய்ந்திருந்தது. மனைவி இறந்துபோயிருந்தாள். மகள் இர்மா வேறு ஊரில் வாத்தியார் வேலையில் இருந்தாள், வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வரக் கூடாது என்று உத்தரவு.

"காலியாகத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை" என்றார்.

எனக்கு எங்கள் தெருவே கண்முன் வந்துவிட்டது. எங்கள் ஊரிலும் அப்படித்தான், வாங்கின பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம் என்று சொன்னேன்.

"அது சட்டமா?"

"சட்டம் இல்லை. வழக்கம்."

"அப்படியானால் நிலைத்துவிடும்" என்றார்.

அவருக்கு இந்தப் பளபளப்பு பிடித்துப்போயிற்று. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டேன். அதிலிருந்து இது அவருடைய சம்படம். சனிக்கிழமை அவர் ஏதாவது போட்டுக் கொண்டுவந்து தருவார், பழமோ, காளானோ, ஒரு தடவை வெறும் வால்நட். அடுத்த சனிக்கிழமை நான் அதில் ஏதாவது போட்டு மேலே கொண்டுபோவேன். உப்புமா, சர்க்கரைப்பொங்கல், புளிச்சோறு. புளிச்சோறு என்றால் அவருக்கு உயிர். படியில் நின்று இரண்டு வார்த்தை பேசுவோம். தவராசாவும் மேலே போய் அவரோடு சதுரங்கம் ஆடுவான். ஒரு குளிர்காலம் முழுவதும் இது நடந்தது. அப்போது எனக்கு ஒரு பயமும் இல்லை.

இல்லை. பயம் இருந்தது. எதிர்ச்சாரியில் ஒரு பச்சைக் கார் நிற்கும். சின்னக் கார். உள்ளே இரண்டு பேர். எஞ்சின் அணைக்க மாட்டார்கள், குளிருக்கு. இரவும் பகலும் அந்த உர்ர்ர் சத்தம். கொஞ்ச நாளில் அது கேட்காமல் போய்விடும். பிறகு நின்றால்தான் திடுக்கென்று இருக்கும்.

உங்கள் டிரைவர் இன்னும் அணைக்கவில்லை, கவனித்தீர்களா?

என்னை அவர்கள் கூப்பிட்டது ஒரே ஒரு தடவை. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் மேல்மாடியில் ஒரு அறை. ஜன்னலோரம் ரப்பர் செடி ஒன்று. முரட்டு ஆள் இருப்பான் என்று நடுங்கிக்கொண்டு போனேன். நாற்பது வயது அம்மாள் ஒருத்தி இருந்தாள், பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை மாதிரி. பயங்கர ஜலதோஷம். மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சிவந்துபோயிருந்தது. எனக்குக் காப்பி கொடுத்தாள். நிஜக் காப்பி. அங்கே கடைகளில் வறுத்த பார்லியைத்தான் காப்பி என்று விற்பார்கள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு நிஜக் காப்பி. அந்த வாசனை இப்போதும்...

மேஜைமேல் ஒரு பெரிய போட்டோவை வைத்தாள். இந்தச் சம்படத்தின் வெளிப்பக்கம். இந்த எழுத்துகள்.

"இது என்ன?"

"என் தங்கை பேர்."

"பேருக்குப் பக்கத்தில் எண்கள் இருக்கின்றன."

"காது குத்தின தேதி."

"யாருக்கு?"

"என் தங்கைக்கு."

"ஒரு குழந்தையின் காதில் ஓட்டை போட்ட தேதியைச் சமையல் பாத்திரத்தில் பொறித்து, அதைப் பழைய முதல் செயலாளரிடம் கொடுத்திருக்கிறீர்கள்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கும் இப்போது சிரிப்பு வருகிறது. அன்று சட்டைக்குள் வியர்வை ஓடியது, வெளியே பனி பெய்கிறது. விளக்கினேன். தாய்மாமன், மொட்டை, சீர், பந்தி, பேர் வெட்டாவிட்டால் கல்யாண வீட்டில் பாத்திரம் மாறிப்போகும் என்பது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒன்றுவிடாமல் எழுதினாள். ஏன் பாத்திரம் மேலும் கீழும் போய்வருகிறது என்று கேட்டாள். வழக்கத்தைச் சொன்னேன். அவளுக்கு அது ரொம்பச் சுவாரசியமாக இருந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"காலியாகத் திருப்பிக் கொடுத்தால்?"

"கொடுக்க மாட்டார்கள்."

"கொடுத்தால்?"

"உறவு வேண்டாம் என்று அர்த்தம்."

பேனாவை எடுத்து அதை எழுதினாள். அடிக்கோடு போட்டாள். நான் தலைகீழாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதில் நான் என்ன காட்டிக்கொடுத்துவிட்டேன், சொல்லுங்கள். நம் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். எந்தப் புத்தகத்திலும் இருக்கும்.

இரண்டாம் தடவை கூப்பிட்டபோதும் இதே மாதிரிப் பேச்சுத்தான். ஆமாம், இரண்டு தடவை. அவர் என்ன சாப்பிடுகிறார், சரியாகத் தூங்குகிறாரா, மகளைப் பற்றிப் பேசுவாரா. ஒரு தாய் கேட்கிற மாதிரிக் கேட்டாள். நான் பொதுவாகச் சொன்னேன். கை நடுக்கம் கூடியிருக்கிறது, சனிக்கிழமையானால் படியில் வந்து எனக்காக நிற்கிறார், எங்கள் இருவரைத் தவிர அவரிடம் யாரும் பேசுவதில்லை. இதெல்லாம் ரகசியமா? பச்சைக் காரில் இருந்தவர்களுக்கே தெரியும்.

அவர்களுக்கு வேண்டியது என்ன என்பதை அவரே என்னிடம் படியில் சொல்லியிருக்கிறார். ஒரு தாள். அந்த ஒன்பது மாதமும் பிழை, பகைவர்கள் பேச்சைக் கேட்டுச் செய்த பிழை என்று கையெழுத்துப் போட்டு, தன் குரலில் ரேடியோவில் வாசிக்க வேண்டும். மூன்று வருஷமாக மாட்டேன் என்று இருந்தார். அடிக்கவில்லை, ஜெயிலில் போடவில்லை. அவரைச் சுற்றி இருந்தவர்களை ஒவ்வொருவராக எடுத்தார்கள். அவரோடு நடக்கப் போன பழைய நண்பருக்குப் பென்ஷன் நின்றது. முடிவெட்டுகிறவன் அவரைக் கண்டால் கடையைச் சாத்தினான். பால் கொண்டுவந்த கிழவியை வேறு தெருவுக்கு மாற்றினார்கள். "கம்பளியைப் பிரிக்கிற மாதிரி. எங்கேயும் கிழிக்க மாட்டார்கள். ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார்கள்" என்றார். சொல்லிவிட்டு, "சனிக்கிழமை புளிச்சோறுதானே?" என்றும் கேட்டார்.

பிறகு தவராசாவைக் கூப்பிட்டார்கள். அவனும் காப்பி குடித்தானோ என்னவோ, என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. முகம் மட்டும் கறுத்திருந்தது. இரண்டாம் வாரம் அவனைப் படிப்பிலிருந்து நீக்கி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மார்க் குறைவு என்று தாளில் போட்டிருந்தது. மார்க் குறைவாகத்தான் இருந்திருக்கும். பெட்டி கட்டும்போது தன் ஸ்வெட்டரை என்னிடம் கொடுத்தான்.

"ஐசே, நான் இல்லையெண்டு சனிக்கிழமையை விட்டிடாதையும். மனுசன் தனிச்சுப் போயிடும்."

"சரி" என்றேன்.

"சத்தியமா?"

"சரி என்கிறேனே."

ரொம்ப வருஷம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவர்களுக்கு எல்லாச் செய்தியையும் கொடுத்தது தவராசாதான் என்று. சதுரங்கம் ஆடுகிறவர்களுக்கு மூளை அப்படித்தான் வேலை செய்யும். அந்த ஃபைலில் யார் பேராவது இருந்தால் அது அவன் பேராகத்தான் இருக்கும். நீங்கள் அப்படி யோசித்துப் பாருங்கள்.

மூன்றாம் தடவை... ஆமாம், மூன்று. நான் எண்ணிக்கொண்டா இருந்தேன். மூன்றாம் தடவை ஜலதோஷம் குறைந்திருந்தது. காப்பி வந்தது. என் படிப்பைப் பற்றி விசாரித்தாள். இன்னும் மூன்று வருஷம் பாக்கி இருக்கிறது இல்லையா என்றாள். அப்பாவின் யூனியனைப் பற்றிக் கேட்டாள், அப்பா பேரைச் சரியாக உச்சரித்தாள். காப்பிக் கோப்பையை மேஜைமேல் வைத்துவிட்டேன்.

"நீங்கள் எங்களுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்" என்றாள். "எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். அவர் பாத்திரம் உங்களிடம்தானே இருக்கிறது? வழக்கம்போல் சனிக்கிழமை திருப்பிக் கொடுங்கள்."

"சரி."

"காலியாக."

நான் ரப்பர் செடியைப் பார்த்தேன்.

"கழுவிக் கொடுங்கள். உங்கள் ஊர் வழக்கத்தை நாங்கள் மதிக்கிறோம்."

அவ்வளவுதான் அம்மா. இதுதான் நான் செய்தது. ஒரு மனிதனுடைய பாத்திரத்தைக் கழுவி அவனிடமே கொடுத்தேன். உலகத்தில் எந்தக் கோர்ட்டில் இது குற்றம்? கட்டிடத்தில் எத்தனையோ பேர் அவரைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள். நான் சாத்தவில்லை. படியேறிப் போய்க் கையில் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் புளிச்சோறு கிளறிவிட்டேன். ஏன் கிளறினேன் என்று தெரியாது. கை தன்பாட்டுக்குச் செய்தது. சட்டியில் அப்படியே இருந்தது. ஜன்னலில் பார்த்தேன். பச்சைக் காரில் ஒருவன் கண்ணாடியை இறக்கிவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தான். சம்படத்தைக் கழுவினேன். துடைத்தேன். மறுபடி கழுவினேன்.

அவர் படியில் நின்றிருந்தார். அந்த வாரம் காய்ச்சலாகக் கிடந்து எழுந்தவர், கழுத்தில் துணி சுற்றியிருந்தார். எப்போதும் இரண்டு கையாலும்தான் வாங்குவார், இடது கை நடுங்கும் என்பதால். வாங்கின உடனேயே கனம் தெரிந்திருக்கும். தெரிந்தும் மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். முகத்தைப் பார்க்கிற மாதிரி அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஊரில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா?"

புரிகிறதா உங்களுக்கு? துக்க வீடாக இருந்தால் அடுப்பு மூட்ட மாட்டோம் என்று நானே முன்பு சொல்லியிருந்தேன். அதை ஞாபகம் வைத்திருக்கிறார். எனக்கு ஒரு வழி விட்டுக் கொடுக்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். தோளில் கை வைத்திருப்பார். ஆனால் ஊரில் அப்பாவும் அம்மாவும் நன்றாக இருக்கும்போது நான் எப்படிப் பொய் சொல்ல முடியும்? என் வாழ்க்கையில் நான் பொய் சொன்னவன் இல்லை.

"எல்லாரும் சௌக்கியம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மூடியைப் போட்டார். நடுக்கத்தில் மூடி சரியாக உட்காரவில்லை, இரண்டு மூன்று தடவை தட்டினார்.

"நன்றாகக் கழுவியிருக்கிறாய்" என்றார்.

திரும்பி மேலே ஏறிப் போய்விட்டார். நான் அறைக்கு வந்து புளிச்சோற்றைச் சாப்பிட்டேன். எறிவதற்கு மனம் வரவில்லை.

பதினோரு நாள் கழித்து ரேடியோவில் அவர் குரல் வந்தது. கடையில் ரொட்டிக்கு நின்றுகொண்டிருந்தேன். எல்லாரும் நின்ற இடத்தில் நின்றுவிட்டோம். பிழை என்றார். பகைவர்கள் என்றார். மன்னிப்புக் கேட்டார். ஐந்து நிமிஷம்கூட இல்லை. எனக்கு முன்னால் நின்ற ஒரு கிழவர் ரொட்டியை வாங்காமல் வெளியே போய்விட்டார். எனக்கு அப்போது என்ன வந்தது தெரியுமா? கோபம். டாங்கிக்குப் பயப்படாத மனிதர், கடைசியில் இப்படிப் பயந்துவிட்டாரே என்று.

அதற்கும் என் சம்படத்துக்கும் சம்பந்தம் இல்லை. நீங்களே யோசியுங்கள், ஒரு வெறும் பாத்திரத்துக்காக யாராவது கையெழுத்துப் போடுவார்களா. அப்புறம் அவருக்கு நல்லதுதான் நடந்தது. பணிமனையிலிருந்து எடுத்து நூலகத்தில் வேலை கொடுத்தார்கள். இர்மா வந்துபோக விட்டார்கள். பச்சைக் காரும் போய்விட்டது. அந்தச் சத்தம் நின்றதில் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. வெளியே இருந்தவர்கள் அவரைக் கோழை என்றார்கள், சிலர் அவர் கதவில் எச்சில் துப்பினார்கள். அதற்கு நான் பொறுப்பா? எழுபத்தொன்பதில் இறந்துபோனார். அப்போது நான் தூத்துக்குடியில் ஸ்பின்னிங் மில்லில் வேலையில் இருந்தேன். பேப்பரில் இரண்டு வரி போட்டிருந்தார்கள்.

என்னை அதன் பிறகு அவர்கள் கூப்பிடவே இல்லை. புது வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை மட்டும் வந்தது. பேர் போடாமல். ரப்பர் செடி படம் போட்டது.

இப்போது இதை எதற்காக அனுப்பியிருக்கிறாள் இர்மா? அவர் சொல்லித்தான் அவளுக்கு அந்த வழக்கமெல்லாம் தெரிந்திருக்கும். வெறும் சம்படமாக அனுப்பியிருந்தால், தெரிந்துதான் அனுப்பியிருக்கிறாள். எல்லாம் வாசித்துவிட்டாள். அதனால்தான் சொல்கிறேன், திறக்க வேண்டாம், எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று. திறக்காதவரைக்கும் ஒன்றும் இல்லை, பாருங்கள். இந்த ஊரில் எனக்கு ஒரு பேர் இருக்கிறது. மே தினத்துக்கு என்னைத்தான் கொடியேற்றக் கூப்பிடுகிறார்கள்.

வா கோமதி. காப்பியை இங்கே வை. இவங்கதான் அருள்செல்வி. ஆமாம், அவ்வளவு தூரத்திலிருந்து. இது ஒன்றும் இல்லை, இவங்க எடுத்துக்கொண்டு போகிற சாமான். ஆமாம், பூரணம் பேர்தான். அதை நீ தொடாதே. அம்மா, இவள் சொல்வதைக் கேட்டீர்களா, நாத்தனார் பேர் போட்ட சம்படம், வீடு தேடி வந்திருக்கு, வெறும் ஏனமாகவா திருப்பி அனுப்புவீர்கள், முறுக்கு சுட்டிருக்கேன் என்கிறாள். வேண்டாம் கோமதி. அவங்களுக்கு நேரமாகிறது. கார் ஓடிக்கொண்டிருக்கிறது. கோமதி!

துணியோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நீங்கள் ஏன் பேசாமல் இருக்கிறீர்கள், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

மூடி இறுக்கம். அவளால் திறக்க முடியாது.

திறந்துவிட்டாள். சத்தம் கேட்டதே.

கோமதி, என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லையா? சத்தமாகச் சொல். கறுப்பாகவா? பழமா? காய்ந்த பழம். எவ்வளவு? வாய்வரைக்குமா?

பார்த்தீர்களா அம்மா. கொடிமுந்திரி. நான் சொன்னேனே. அவள் ஒன்றும் வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் வாய்வரைக்கும் போட்டு அனுப்புவாளா? நான்தான் வீணாக, இத்தனை வருஷமாக...

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

வாசித்துவிட்டாளா?

எல்லாம் வாசித்துவிட்டா போட்டாள்?

அது என்ன தண்ணீர்ச் சத்தம்? கோமதி, குழாயை மூடு. முறுக்கை அப்படியே போடு, போதும். கழுவாதே. நான் சொல்வது கேட்கிறதா? கோமதி, அதைக் கழுவாதே.